சாரல் நின்ற பிறகு

ஆலங்குளம் பஸ்ஸில் வந்து இறங்கியவர்தான் சொன்னார், முன்பு எங்கள் ஊரில் சர்க்கார் கிராம சேவிகாவாக இருந்து விவசாயம் சொல்லித்தந்த பகவதி தவறிவிட்டாள் என்று. அப்போது நான் முட்டைக்கோஸ் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெளித்த இடத்திலேயே தெளித்தபடி நின்றிருக்கிறேன். 'அவர்' என்று மரியாதையாக எழுதலாம்தான். ஆனால் நாங்கள் ஒரே வயதுக்காரிகள், ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டவர்கள். அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், குடையும் விதைப் பையுமாக அவள் கீழப்பாவூர்ப் பக்கம் வந்தாள். கத்தரியும் வெண்டையும் போடுகிற ஊரில் கோசு, பீட்ரூட் என்று பேசினாள். "அதெல்லாம் மலையில வெளையுத காயில்லா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் கணவர் போன பிறகு கிணற்றடித் தோட்டம் ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதையும் வாங்கிக்கொள்ளக் கொழுந்தனார் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். நல்லதாக எதையாவது விளைத்துக் காட்டியே ஆக வேண்டும் எனக்கு.

விதைப் பொட்டலத்தில் 'குளிர்காலத்தில் விதைக்கவும்' என்று போட்டிருந்தது. அவள் செங்கோட்டையில் பிறந்தவள், நான் தென்காசியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். எங்களுக்குக் குளிர் என்றால் ஆனி, ஆடியில் தூறும் குற்றாலச் சாரல்தான். ஆனி பிறந்தால் போர்வை தேடுகிறவர்கள். வேறு ஊர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். காய்த்துக்கொண்டிருந்த கத்தரியைப் பிடுங்கிவிட்டு ஆனியில் நாற்றுப் பாவினோம். பாதி சாரலில் அழுகியது. மீதி ஆவணி வெயிலில் சுருண்டது.

கொழுந்தனார் வரப்பில் வந்து நின்றார். "கத்தரியும் போச்சு, கோசும் போச்சு. இனி தோட்டத்தை நானே பாத்துக்கிடுதேன் மதினி" என்றார். பகவதி சேற்றுக் காலோடு நடுவில் புகுந்தாள். தப்பு அவளுடையது என்று ஆபீசில் தெரிந்தால் அவள் வேலைக்கே ஆபத்து.

"அண்ணாச்சி, அவிய மேல குத்தமில்ல. நான் சொல்லித்தான் வச்சாவ. சாரலைக் குளிர்காலம்னு நெனச்சது என் புத்தி. மார்கழி வரைக்கும் பொறுங்க" என்றாள்.

சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் தப்பு என்னுடையது என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

புரட்டாசிக் கடைசியில் மறுபடி பாவினோம். ஐப்பசி மழைக்குப் பாத்தியை உயர்த்தி, ஓலை மறைப்புக் கட்டினோம். மழை வலுத்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுமுன் நேராகத் தோட்டத்துக்குத்தான் போவாள். மார்கழியில் கோசு உருண்டது. தேங்காய் அளவுதான், ஆனாலும் கல்லு மாதிரி இறுக்கம். முதல் காயைக் கொழுந்தனார் வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னாள். "அவருக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

"தின்னு பாக்கட்டும் மதினி. பெறவு பேச மாட்டாவ."

மறு வாரம் கொழுந்தனார் வந்தார். தனக்கும் இரண்டு பாத்திக்கு நாற்று வேண்டுமாம். தோட்டத்தைப் பற்றி அதன்பின் அவர் வாயே திறக்கவில்லை.

மாற்றலாகிப் போகும்போது அந்தப் பழைய பொட்டலத்தில் 'குளிர்காலத்தில்' என்பதை அடித்து, 'சாரல் நின்ற பிறகு' என்று எழுதிக் கொடுத்தாள். அதை அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செய்தி வந்த அன்று கொழுந்தனாரும் வந்தார். என் கையிலிருந்த செம்பை வாங்கி, மிச்சப் பாத்திக்கு அவரே தண்ணீர் தெளித்தார். ஊரில் அதை இன்றும் என் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அது பகவதி கொடுத்தது.