மூன்றாவது சிலிண்டர் பிடித்த அளவு

தெருவில் அவருக்கு அரைச்சொட்டு என்றுதான் பெயர். எஞ்சின் பிரித்துச் சேர்க்கிற பட்டறைக்காரர். டீயில் பால் அரைச்சொட்டு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று கேலி செய்வார்கள். கண்டுபிடிக்கவும் செய்வார். அந்தக் குணத்துக்குப் பயந்தே பெண் கொடுக்க ஆளில்லாமல் ஐம்பது வயதுவரை கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எஞ்சின்களுக்கு மட்டும் அந்தக் குணம் ஒத்துப்போனது. அவர் மூடிய எஞ்சின் வெடித்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவரே, தங்கை கொண்டுவந்து இறக்கிய எஞ்சினைத் தொடத் தயங்கினார். அது அவள் கணவரின் பந்தயக் கார் எஞ்சின். மச்சான் அதில் சூப்பர்சார்ஜர் மாட்டி ஓட்டினார். பந்தயத்தின் நடுவே மூன்றாவது பிஸ்டன் ஓட்டையாகி, எண்ணெய் டயருக்கடியில் கொட்டி, கார் சுவரில் போய் மோதியது. ஆள் அங்கேயே முடிந்தார்.

தங்கையும் பந்தயக்காரிதான். ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள், “அதே எஞ்சின்தான் வேணும்ணா. அவர் விட்டதை நான் ஓட்டி முடிக்கணும்” என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

சூப்பர்சார்ஜர் காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே திணிக்கும். ஏற்கெனவே பத்தரை மடங்கு அமுக்குகிற எஞ்சினில் மேலும் திணித்தால், பெட்ரோல் முந்திக்கொண்டு வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். அதனால் அந்த அமுக்கத்தை முதலில் எட்டரைக்கு இறக்க வேண்டும். பிஸ்டன் நான்கையும் புதிதாக மாற்றியிருந்தார். அவற்றின் தலையில் கிண்ணம்போலக் குழி கடைந்தால் உள்ளே இடம் கூடும், அமுக்கம் குறையும். அளவுக்கு மீறிக் கடைந்தால் தலை மெலிந்து ஓட்டையாகும். நடுவில் பிழைத்துக்கொள்வதுதான் தொழில்.

கடைந்த பிறகு அளவு பார்க்க வேண்டும். பிஸ்டனை உச்சிக்கு ஏற்றி, கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடித் தகட்டை மேலே ஒட்டி, கோடு போட்ட குழாயிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயை விடுவார். எவ்வளவு பிடிக்கிறதோ அதுதான் இடம். ஒன்றும் இரண்டும் நான்கும் இருபது சிசி பிடித்தன. மூன்றாவது பதினெட்டிலேயே நிரம்பிவிட்டது.

கழற்றிக் கடைந்தார். ஊற்றினார். பதினெட்டு. காற்றுக் குமிழியோ என்று சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கடைந்தார். பதினெட்டேதான். வெட்டிய உலோகம் சுருள்சுருளாகத் தட்டில் குவிந்து கிடந்தது, உள்ளே மட்டும் இடம் கூடவில்லை. பட்டப்பகல், தகரக் கூரை அனலாகக் கொதித்தது. அப்படியும் அவர் விளக்கைப் போட்டுக் குழாயைப் பார்த்தார். வெட்ட வெட்ட உள்ளே ஏதோ வளர்கிறது என்று நினைத்தார். சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டு பிஸ்டனை மறுபடி லேத்தில் பூட்டினார்.

சாப்பாடு கொண்டுவந்த தங்கை லேத்தை நிறுத்தினாள். “இன்னும் எதுக்குண்ணா கடையிற?”

“மூணாவதுல ரெண்டு சிசி குறையுது. அப்படியே விட்டா மச்சானுக்கு ஆனதுதான் உனக்கும்.”

அவள் பிஸ்டனை மாட்டித் தானே ஊற்றினாள். “இருபத்து மூணு பிடிக்குதே” என்றாள். அவர் குனிந்து பார்த்தார். அவர் கண்ணுக்குப் பதினெட்டுதான். இருவரும் ஒரே குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாகப் பிஸ்டனைக் கழற்றித் தலையின் கனத்தை அளந்தார். இருக்க வேண்டியதைவிட எவ்வளவோ மெலிந்திருந்தது.

தங்கை குழாயைக் கீழே வைத்தாள். “அவரும் இப்படித்தாண்ணா. மூணாவது குறையுதுன்னாரு. எனக்குச் சரியாத் தெரிஞ்சுது. சொன்னேன், நம்பல. கடைஞ்சுக்கிட்டே இருந்தாரு.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“அவரு ஏதோ களைப்புல தப்பாப் பாத்தாருன்னு நினைச்சேன். உன் கண்ணு தப்பாதேன்னுதான் உங்கிட்ட கொண்டுவந்தேன்.”

மறுவாரம் மூன்றாவதுக்கு வேறொரு புதுப் பிஸ்டன் வந்தது. ஆழத்தை மட்டும் அளந்து, மற்ற மூன்றைப் போலவே கடைந்து பூட்டினார். “நீயே ஊத்தும்மா. உன் அளவுலயே மூடிடறேன்” என்றார். இன்னொருவர் அளவை நம்பி அவர் எஞ்சின் மூடியதே கிடையாது. தங்கை உயிருக்கு முன்னால் அந்த வீம்பெல்லாம் எந்த மூலைக்கு?

ஒன்று இருபது என்றாள். இரண்டும் இருபது என்றாள். மூன்றாவதில் ஊற்றிவிட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எவ்வளவு?”

“சரியாத்தான் இருக்கு. மூடு.”

“என்னைப் பாத்துச் சொல்லு.”

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “பதினெட்டு” என்றாள். “எனக்கும் இப்போ பதினெட்டுதான் தெரியுது.”

அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. பயம் பாதி, மறைக்காமல் சொல்லிவிட்டாளே என்ற நிம்மதி பாதி. “இது நமக்கு வேணாம்மா. யாருக்காவது வித்துத் தொலைச்சிடலாம்.”

அவள் குழாயில் மிஞ்சிய மண்ணெண்ணெயை டப்பாவில் திருப்பி ஊற்றினாள்.

“வாங்கிட்டுப் போறவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பாண்ணா” என்றாள்.

அவர் எழுந்துபோய் மூலையில் கிடந்த பெரிய சம்மட்டியை எடுத்துவந்தார். அவர் அடிக்கத் தோதாக, அசையாதபடி அவள் எஞ்சினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.