போர்வை போட்ட மெஷின்

அன்று காலை கதவு தட்டும் சத்தம் கேட்டதும் நான் முதலில் செய்தது, தையல் மெஷின்மேல் போர்வையை இழுத்து மூடியதுதான். வெட்டுத்துணி மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன். எதிர்வீட்டுச் செல்வி நின்றாள். “ஸ்டெல்லாக்கா போயிட்டாங்க. விடியக்கால நெஞ்சு வலியாம்.”

வீட்டிலேயே கம்பெனித் துணி தைக்கும் எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. “யாரு கேட்டாலும் சொந்தத் துணின்னு சொல்லிடுங்க” என்பது கம்பெனியிலிருந்து துணி கொண்டுவரும் ஏஜெண்டின் உத்தரவு. மூட்டை என் வீட்டில் இறங்கும். என் வீட்டையும் சேர்த்து ஆறு வீடுகளுக்கு நான்தான் பிரிப்பேன். பட்டம் படித்தவள் என்பதால் வந்த பொறுப்பு.

மாதா கோயில் பின்னறையில் தெருப் பெண்களுக்காக ஸ்டெல்லா அக்கா நடத்திய ஞாயிறு வகுப்பு, அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முதல் நாள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். “சும்மாதான் வூட்டுல இருக்கேன்” என்று வரிசையாகச் சொன்னோம்.

“நாள் பூரா மெஷின மிதிக்கிறது சும்மாவா? பீங்கான் கம்பெனில பொம்மைக்கு வர்ணம் அடிச்சப்பவே எம் பேரு ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. உங்க பேரு எங்க இருக்குது?”

“ரேஷன் கார்டுல இருக்குதுக்கா” என்றாள் செல்வி. முதலில் சிரித்தவர் அக்காதான்.

ஒருமுறை சொல்லாமல் என் வீட்டுக்கு வந்தார். மூடிய மெஷினைப் பார்த்து, “போத்தி வச்சிருக்கியே, செத்துப் போச்சா?” என்று கேட்டார்.

செல்வியின் விரலை ஊசி துளைத்த அன்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனவள் நான். டாக்டர் கேட்டதும், அவள் வாய் திறப்பதற்குள், “புள்ளைக்குப் பாவாடை தெக்கறப்ப குத்திடுச்சு சார்” என்றேன். அந்த விரல் இன்னும் மடங்குவதில்லை. ஏஜெண்ட் விசாரித்தது மூட்டை எப்போது முடியும் என்பதை மட்டும்.

நான் சொன்ன பொய்யைக் கேள்விப்பட்டும் அக்கா திட்டவில்லை. எங்கள் பெயர்களையும் தொழிலாளர்களாகப் பதியக் கேட்டு, தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்தார். செல்வி உட்பட ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ‘வேலை கொடுப்பவர் பெயர்’ என்ற இடம் மட்டும் காலி.

“உங்களுக்குத்தான் தெரியுமேக்கா, நீங்களே எழுதிடுங்களேன்.”

“தெரியும். ஆனா மூட்ட யாரு வூட்டுல எறங்குதோ, அவங்க எழுதணும்.”

எழுதினால் மூட்டை நின்றுவிடும். ஆறு வீட்டு அடுப்பும் என் கையால் அணையும். எழுதாவிட்டால் அடுத்த விரலுக்கும் நான்தான் பொய் சொல்ல வேண்டும். மனுவை மெஷின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மாதங்கள் போயின. அக்கா மறுபடி கேட்கவே இல்லை. ஞாயிறுதோறும் என்னைப் பார்த்து எப்போதும்போலச் சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

செல்வி வந்து சொன்ன அன்று, அக்காவை அவர் வீட்டு முன்னறையில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். மூடிய மெஷினைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியோடு நின்றேன். வீடு திரும்பி மெஷின்மேல் இருந்த போர்வையை எடுத்து மடித்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தக் கேள்வியும் இந்த மனுவும்தான். காலி இடத்தில் ஏஜெண்டின் பெயரை எழுதினேன். கீழே, துணியைப் பிரித்துக் கொடுப்பவள் என்று என் பெயரையும். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் நேரில் கொடுக்கப் போகிறேன். இந்த நிமிடம்வரை செல்வியிடம்கூடச் சொல்லவில்லை.