அறுபது வில்லையும் ஒரு மணியும்

இரண்டு கஜம் சீட்டித் துணி கேட்டவளுக்கு மூன்று கஜம் கிழித்துக் கொடுத்தது வீரய்யாவின் கைப்பிசகு. இலங்கை மலைநாட்டில், ஹட்டன் கடைத்தெருவில் நாகலிங்கம் முதலாளியின் துணிக்கடையில் அவன் வேலைக்கு இருந்தான். அன்று சம்பள ஞாயிறு, நிற்க இடமில்லாத கூட்டம். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போய்விட்டது. மாதக் கடைசியில் முதலாளி ஒவ்வொரு துணிக்கட்டையும் அளந்து பார்ப்பார். குறைகிற துணிக்கு வீரய்யாவின் சம்பளத்தில் பிடிப்பார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அத்தனை தூரம் நடந்து வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. முதலாளி சாமி படத்துக்குச் சூடம் காட்டத் திரும்பிய நேரம் பார்த்து, இடுப்பிலிருந்து மடித்த துணியை எடுத்துச் சீட்டிக் கட்டுக்கு அடியில் செருகினாள்.

"ஒரு கஜம் கூட வந்திருச்சு தம்பி. உங்க தலையில விழுந்துறப் போவுதுன்னு கொண்டாந்தேன்."

"அக்கா, நீங்க..."

"சத்தம் போடாதீங்க. சூடம் அணையப் போவுது." சொல்லிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விட்டாள்.

அவள் பெயர் சண்முகவடிவு. பதினோரு வயதில் மாமன் கையைப் பிடித்துக்கொண்டு திருச்சிப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்தவள். புருஷன் மூக்கன் அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஒரே மகள் லெட்சுமி. சண்முகவடிவு கொழுந்து பறிக்க மலையில் இறங்கினால் முதல் கிள்ளுக் கொழுந்தைக் கூடையில் போடமாட்டாள். செடியின் தூரில் வைத்து மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த கிள்ளு. கங்காணி முத்துலிங்கம் அதைப் பார்த்துத் தினமும் கேலி செய்வார்.

"ஆத்தாளுக்கும் பேர் போடட்டுமா வடிவு? அரை நாள் பேரா, முழு நாள் பேரா?"

"ஆத்தாளுக்குக் கூலி குடுத்து ஒங்களுக்குக் கட்டுமா கங்காணியய்யா? எங்களுக்குக் குடுக்கவே மூக்கால அழுவுறீங்க."

மற்றப் பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். கங்காணியும் சிரித்துக்கொண்டே அடுத்த நிரைக்குப் போய்விடுவார்.

ஒரு தரம் லெட்சுமி அம்மை வார்த்து, கண் திறக்காமல் ஒன்பது நாள் கிடந்தாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு மேலே, மரத்தடியில் ஒரு கல்லும் ஒரு சூலமுமாக மாரியம்மன் இருந்தாள். மணி கிடையாது. பூசாரி செல்லசாமி ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டித்தான் பூசை செய்வார். சண்முகவடிவு அந்தக் கல்லின் முன் விழுந்து, "பிள்ளை பிழைச்சா ஒனக்கு மணி கட்டுறேன் ஆத்தா" என்று வேண்டிக்கொண்டாள். பத்தாம் நாள் பிள்ளை தண்ணீர் கேட்டது.

வேண்டியாகிவிட்டது. மணிக்கு எங்கே போவது? வழி காட்டியவன் வீரய்யாதான்.

நாகலிங்கம் முதலாளி அப்போது ஒரு புதுமை செய்திருந்தார். ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், மயில் பொறித்த தகர வில்லை ஒன்று. பத்து வில்லை கொண்டுவந்தால் பித்தளைக் கிண்ணம், இருபதுக்குக் கண்ணாடி, அறுபதுக்குக் கண்ணாடி அலமாரியில் தொங்கிய வெண்கல மணி. வீரய்யா அந்த மணியை எடுத்து ஒருமுறை ஆட்டிக் காட்டினான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அறுபது வில்லைக்கா. காசு வேணாம்."

"அறுபது ரூவாய்க்கு நான் துணி வாங்குனா என் பேரப் பிள்ளைக்குப் பேரப் பிள்ளை வந்துதான் மணி அடிக்கணும் தம்பி."

"லயத்துல எத்தனை வீடு இருக்கு? எல்லாரும் சேருங்க. நான் பொறுப்பு."

*நான் பொறுப்பு.* அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் வீடு வீடாகப் போனாள். பதினாறு வீடு. தீபாவளித் துணி, பொங்கல் துணி, பிள்ளைக்குச் சட்டை, யாருக்கு எது வேண்டுமென்றாலும் அந்தக் கடைதான். கண்ணாடி வேண்டும் என்று ஆசைப்பட்ட குமரிகள்கூட முகம் பார்க்கும் ஆசையை விட்டு வில்லையை அவளிடம் கொடுத்தார்கள். அவள் அவற்றை மஞ்சள் துணியில் முடிந்து சூலத்தில் கட்டினாள். சாமிக்கு முடிந்ததை இடையில் அவிழ்க்கக் கூடாது. ஆடிக் கடைசி வெள்ளியன்று பூசை முடிந்து பூசாரி கையால்தான் அவிழ்க்கவேண்டும். வருகிறபோதெல்லாம் புது வில்லையை அந்த முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

இரண்டு வருஷம் போயிற்று. தேயிலை விலை விழுந்தது, கூலியைக் குறைத்தார்கள், கடைத்தெருவில் ஈ ஓட்டினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் முதலாளி வீரய்யாவைக் கூப்பிட்டார்.

"ஒண்ணாந் தேதியிலேர்ந்து எல்லாம் ரெட்டிப்பு. கிண்ணத்துக்கு இருபது, மணிக்கு நூத்தியிருபது. போர்டு எழுதிக்க. அதுவரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. விட்டா நாளைக்கே எல்லாத் தோட்டமும் வாசல்ல நிக்கும்."

"பழைய வில்லைக்காவது..."

"எல்லா வில்லையும் வில்லைதான். ஒனக்குச் சம்பளம் குடுக்கணுமா, வேணாமா?"

அதற்கு அடுத்த ஞாயிறுதான் சண்முகவடிவு வந்தாள். மூன்று ரூபாய்க்குப் போர்வை வாங்கி, மூன்று வில்லையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இதோட அறுபது தம்பி!"

வீரய்யா கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அப்ப இந்த வாரமே வந்து வாங்கிருங்களேன்க்கா."

"நல்லாச் சொன்னீங்க. முடிச்ச நடுவுல அவுக்கலாமா? கடைசி வெள்ளி இன்னும் மூணு வாரத்துல வருது. இத்தனை நாள் பொறுத்த ஆத்தா மூணு வாரம் பொறுக்கமாட்டாளா?"

ஒரு வார்த்தை. ஒண்ணாந் தேதிக்குள்ள வந்துருங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. அவன் வாயைத் திறந்தான். கல்லாவிலிருந்து முதலாளி தொண்டையைக் கனைத்தார். வெளியே வேலையில்லாத ஆட்கள் கடைக் கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வீரய்யாவுக்கு வீட்டில் மூன்று வயிறு.

"மழை வர்ற மாதிரி இருக்குக்கா," என்றான். "சீக்கிரம் கிளம்புங்க."

வானம் வெளுத்துக் கிடந்தது. அவள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனாள்.

கடைசி வெள்ளிக்கு அடுத்த ஞாயிறு, லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் சூழ, மஞ்சள் துணியோடு வந்தாள். மணியில் கட்டப் பூச்சரம்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். முதலாளி வில்லைகளைத் தொடவில்லை. சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. வீரய்யாவைப் படிக்கச் சொன்னார். அவன் படித்தான்.

"நூத்தியிருபதா?" என்றாள் ஒருத்தி. "அப்ப எங்க வில்லையெல்லாம் பாதியாப் போச்சா? வடிவு, கண்ணாடிய விட்டுட்டு ஒன் பேச்சக் கேட்டு வந்தோமே!"

சண்முகவடிவு வீரய்யாவின் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவசரப்படுத்தினாயே, உனக்குத் தெரியுமா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த நிமிஷமே அவன் வேலை போயிருக்கும். அவள் கேட்கவில்லை. வில்லைகளை வாரி மறுபடி முடிந்துகொண்டு, பூச்சரத்தைக் கடையில் இருந்த சாமி படத்துக்குச் சாத்திவிட்டு இறங்கிப் போனாள்.

வீரய்யா அதோடு விட்டுவிடவில்லை. முதலாளியிடம் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்தான். தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னான். "மணி எங்கயும் ஓடிறாது, இன்னும் அறுபது சேக்கச் சொல்லு" என்றார் அவர். கூலி குறைந்த லயத்தில் துணி வாங்குவார் யார்? எண்ணெயைக்கூட அரைக்கால் போத்தலாக வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறு வருஷம் தோட்டத்தில் ஆட்குறைப்பு வந்தது. மூக்கன் பெயரையும் சண்முகவடிவு பெயரையும் வெட்டிவிட்டார்கள். ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு வீரய்யா ஹட்டன் ஸ்டேசனுக்கு ஓடினான். மூட்டை முடிச்சுகளோடு நாற்பது ஐம்பது பேர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். லெட்சுமி ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"வாங்க தம்பி," என்றாள் சண்முகவடிவு, எதுவும் நடக்காததுபோல. "கடைய விட்டுட்டா வந்தீங்க? முதலாளி ஏசப் போறாரு."

"ஏசட்டும்க்கா. வில்லையெல்லாம்..."

"யாரு யாரு எத்தனை குடுத்தாங்களோ, அதுப்படி திருப்பிக் குடுத்துட்டேன். என் பங்கு ஏழு. கம்பியில கோத்துச் சூலத்துல கட்டிட்டேன். காத்தடிச்சாக் கிலுகிலுங்குது. மணியாட்டம் இல்ல. ஆனா தண்டவாளத்துக்கு அது தேவல."

வண்டி வந்து நின்றது. மூக்கன் பெட்டியை ஏற்றினான். வீரய்யா அவள் பக்கத்தில் நெருங்கி வந்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. தெரிஞ்சுதான் மழை வருதுன்னு சொன்னேன்."

அவள் வண்டிப் படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். கோபம் இல்லை. அவன் கையை ஒருமுறை தொட்டாள்.

"தெரியும் தம்பி. போர்டப் படிக்கயில ஒங்க மூஞ்சியப் பார்த்தேன்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, ஓடிப்போய் முடிச்ச அன்னைக்கே அவுத்திருப்பேன். குத்தம்னு சொன்னா ஆத்தாகிட்ட நான் பேசியிருப்பேன், அவ கேட்டுக்குவா. நீங்க முதலாளிக்குப் பயந்த அளவுக்கு நான் ஆத்தாளுக்குப் பயந்தவ இல்ல தம்பி."