சமையலறைச் சுவர் வழியாகக் கேட்ட கிட்டார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் என் பெண் கல்யாணி அவள் அப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கினாள். அவர் போன பிறகு யாரும் தொடாதது. அவளுக்கே ஐம்பது வயது ஆகப்போகிறது, இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். ஒயரைச் செருகினால் சத்தமே வரவில்லை. செகந்திராபாத்தில் ரிப்பேர் பார்க்கும் சலீம் பாயிடம் எடுத்துப் போனோம்.

கிட்டார் கம்பிகளுக்கு அடியில் விரல் நீளத்துக்கு மூன்று வெள்ளைப் பட்டைகள் இருக்கும். பிக்கப் என்று பெயராம். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பி. தந்தி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். எங்கள் கிட்டாரில் மூன்றும் பச்சை பூத்து அறுந்து கிடந்தன.

“வேறதான் போடணும்மா. எது போடுறோமோ அந்தச் சத்தம்தான் வரும். பழைய சத்தம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் சலீம் பாய். அவர் தமிழ் கொஞ்சம் பேசுவார்.

கல்யாணி என்னைப் பார்த்தாள். “அப்பா வாசிச்ச மாதிரியே வேணும்மா. எனக்குச் சரியா ஞாபகமில்ல, நீதான் சொல்லணும்.”

அவர் வாசித்ததை யாரும் டேப்பில் பிடித்து வைக்கவில்லை. நான் தப்பாகச் சொன்னால் அந்தச் சத்தம் அத்தோடு போயிற்று.

சலீம் பாயிடம் இரண்டு வகைப் பிக்கப் இருந்தன; முதல் வகையை எடுத்துப் பற்றவைக்க ஆரம்பித்தார். ஈயம் உருகி, குங்கிலியம் புகைவது மாதிரி ஒரு வாசனை வந்தது. அந்த வாசனையோடு நான் இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். பாலாநகர் பக்கத்து ஃபேக்டரியில் என் வீட்டுக்காரருக்கு நாள் முழுக்க இந்தப் பற்றவைக்கிற வேலைதான். சட்டையைத் துவைத்தாலும் போகாது. கல்யாணமான புதிதில் ஏதோ கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார் என்றே நினைத்திருந்தேன். அவ்வளவு புத்திசாலி நான்!

கிட்டாரை அவர் லாலாகூடாவில் ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் வாங்கினார். அந்த மனுஷர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனார். கட்டில் வாங்கப் போன இவர் கிட்டாரோடு வந்தார். அப்புறம் ஒரு வருஷம் நாங்கள் தரையில்தான் படுத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட வேலை செய்கிற மூன்று பேர் குவார்ட்டர்ஸுக்கு வருவார்கள். முன்னறையில் கச்சேரி, சமையலறையில் நான். “இங்க வந்து உக்காரேன், யாரும் கடிச்சிட மாட்டாங்க” என்பார். “அடுப்புல வேல இருக்கு” என்பேன். பாதி நேரம் அடுப்பில் ஒன்றும் இருக்காது. ஆண்கள் நடுவில் போய் உட்கார வெட்கம். போண்டா சூடு ஆறும் வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றதுகூட உண்டு. கடைசியில் சின்னப் பெண்ணாயிருந்த கல்யாணிதான் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

எங்கேயோ போய்விட்டேன். சலீம் பாய் முதல் வகையைப் போட்டு வாசித்துக் காட்டினார். இது இரையாத வகை என்றார். கண்ணாடி மாதிரி சுத்தமான சத்தம். கல்யாணிக்கு முகம் மலர்ந்தது. “எப்படிம்மா?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்பாவோடதா?”

சொல்லத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கண் நிறைந்துவிடும் போலிருந்தது. சலீம் பாய் இரண்டாவது வகையைப் பற்றவைக்கக் குனிந்த நேரம், டீ குடித்த கிளாஸ்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“நக்கோ அம்மா, வேணாம், அங்கேயே வெச்சிடுங்க” என்றார்.

கேட்காதவள் போலக் கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போய்விட்டேன். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் “ம்ம்ம்” என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. ஒரு நிமிஷம்தான். சட்டென்று அடங்கியது. அப்புறம் பாட்டு வந்தது.

என் கை ஈரத்தோடு அப்படியே நின்றுவிட்டது. அதுதான். குவார்ட்டர்ஸில் அவர் சுவிட்சைப் போட்டதும் அந்த இரைச்சல் வரும். தந்திமேல் உள்ளங்கையை வைத்ததும் அடங்கும். ‘கை வெச்சிட்டார், இனிமே வாசிப்பார்’ என்று சமையலறையிலிருந்தே எனக்குத் தெரியும். முன்னறையில் உட்கார்ந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லையே! கடைக்குள் உட்கார்ந்து யோசித்தால் எப்படி ஞாபகம் வரும்?

கல்யாணி தேடிக்கொண்டு வந்தாள். “இதுதாம்மா” என்றேன்.

“இது இரையுதும்மா. இந்த இரைச்சல் போகணும்னுதான் எல்லாரும் பிக்கப்பையே மாத்துறாங்க!”

“உள்ள நிக்காத. இங்க வந்து நின்னு கேளு.”

சலீம் பாயை மறுபடி வாசிக்கச் சொன்னோம். இரைச்சல், அமைதி, பாட்டு. கல்யாணி ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்புறம், “கடுகு வெடிக்கிற சத்தம் மட்டும்தான் இல்ல” என்றாள்.

“ஹவ்” என்றேன். இந்த ஊரில் ‘ஆமாம்’ என்பதற்கு அப்படித்தான் சொல்வோம்.

அதையே போட்டுக்கொண்டு வந்தோம். அந்தக் குவார்ட்டர்ஸை இடித்து வெகு நாளாகிறது. இப்போது இருக்கும் ஃப்ளாட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவரே கிடையாது. கல்யாணி கிட்டாரை எடுத்தால் நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். “உள்ள என்னம்மா பண்றே?” என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

இதில் தப்பு இருக்கலாம். சாயம் போன இந்தக் கிட்டார் முதலில் சிவப்பு என்கிறேன் நான். காவி என்கிறாள் அவள். அந்த முன்னறையில் உட்கார்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். வாசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. நிஜமா? நான் பார்த்ததில்லை.