ஆகஸ்ட் மாதத்துக் கதவு

அச்சகத்தில் அவளை எல்லோரும் டிசம்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காலண்டர் அடுக்குகிற வேலை அப்படி. நீள மேஜையில் பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு கட்டாக இருக்கும். மேஜையைச் சுற்றி நடந்தபடியே கட்டுக்கு ஒரு தாளாக எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு வரவேண்டும். ஜனவரி மேலே வரவேண்டுமென்றால் டிசம்பரில்தானே ஆரம்பிக்க வேண்டும்? இருபத்திரண்டு வருஷம் அவள் காலத்தைப் பின்பக்கமாகவே நடந்து தீர்த்தாள்.

அடுக்கியவற்றில் ஒரு ட்ராவல்ஸ் கம்பெனியின் காலண்டரும் உண்டு. கஞ்சப் பிசினாறிகள். தேதியை மட்டும் மாற்றிவிட்டு, தூரத்து நாடு ஒன்றின் அதே பன்னிரண்டு படங்களை வருஷா வருஷம் அடிப்பார்கள். கோட்டை, பளிங்கு மாளிகை, ஆற்றங்கரை மண்டபம் எல்லாம் பளபளவென்று வந்து போகும். ஆகஸ்டில் மட்டும் ஒரு கதவு. ஏதோ சின்ன ஊரில் ஒரு பழைய சத்திரம். பூவும் கொடியும் செதுக்கிய இரட்டைக் கதவில் ஒன்று நாலு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கும். அந்த இடுக்கில், கீழே, குச்சி மாதிரி ஏதோ ஒன்று.

அது துடைப்பக் கம்பு என்று மூன்றாவது வருஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டிலும் அச்சகத்திலும் பெருக்கியே கை காய்த்தவளுக்குத் தெரியாதா? ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் மேஸ்திரியிடம் தாளைக் கொண்டுபோய் நீட்டினாள்.

“இது துடைப்பந்தானே, மேஸ்திரி? யாரோ உள்ள பெருக்கிட்டு இருக்காங்க.”

மேஸ்திரி படத்தைக்கூடப் பார்க்கவில்லை. “அது நிழல். அடுக்குறதுதான் உன் வேலை, பாக்குறது இல்ல. போ, போ.”

மேஜையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எவளாவது கத்திரிக்கோலைத் தொலைத்தால்கூட, “டிசம்பர் அக்கா, ஆகஸ்டுல இருக்கா பாத்துச் சொல்லு” என்பாள். அக்காவும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கக் கூடாதென்றால் ஒரு மனுஷிக்குக் கண் எதற்கு? வீணாய்ப் போன தாள்களிலிருந்து ஒரு ஆகஸ்டை உருவி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வேலையிலிருந்து நின்றதும் மகளிடம் சொல்லிவிட்டாள்: சேர்த்துவைத்ததைக் கொண்டு வெளிநாடு போகவேண்டும், அந்த நாட்டுக்குத்தான் போகவேண்டும். மகளுக்கு ஒரே குஷி. மருமகன் ஒரு படி மேலே போய்விட்டான். நல்ல பிள்ளைதான், ஆனால் தெருமுனைக் கடைக்குக்கூடப் பட்டியல் போட்டுக்கொண்டு போகிற ரகம். ஆறு நாளில் ஒன்பது ஊர் என்று கலர் கலராகக் கட்டம் போட்டு நீட்டினான்.

“இனிமே நீங்க யோசிக்கவே வேணாம், அத்தை.”

“யோசிக்கிறதுக்குத்தானே மாப்பிள்ளை இத்தனை வருஷம் காத்துக் கெடந்தேன்?” அக்கா பீரோவிலிருந்து ஆகஸ்டை எடுத்துவந்து கட்டங்களின் மேலேயே விரித்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து பழுப்பேறியிருந்தது. “மொதல்ல இங்க. அப்புறம் நாள் இருந்தா மத்ததைப் பாப்போம்.”

படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த ஊர்ப்பெயரை மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். “அம்மா, இதுக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். பளிங்கு மாளிகையே போயிடும்மா! உலகமே வந்து பாக்குற இடம்!”

“உலகமே பாக்குதுல்ல? நான் ஒருத்தி பாக்கலேன்னா அதுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?”

“ஒரு கதவுக்காகவா, அத்தை?”

“கதவுக்கு இல்ல. உள்ள யார்னு தெரியணும். நெழலாம், நெழல்!”

பேச்சு முற்றி, மறுநாள் மூவருமாக ட்ராவல்ஸ் ஆபீசுக்கே போனார்கள். காலண்டர் அடிக்கிற அதே கம்பெனிதான். மேஜைக்குப் பின்னால் இருந்த டை கட்டிய ஆள் ஊர்ப்பெயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அங்க பாக்க ஒண்ணுமே இல்லம்மா. நாங்க யாரையும் அனுப்புறதே இல்ல.”

அக்கா விருட்டென்று எழுந்தாள். அவர் தலைக்கு மேலேயே காலண்டர் தொங்கியது. எண்ணாமல் கொள்ளாமல் ஒரே பிடியில் மாதங்களைத் தூக்கி ஆகஸ்டைக் காட்டினாள்.

“ஒண்ணுமில்லாத ஊரை எதுக்குங்க வருஷா வருஷம் செவுத்துல மாட்டச் சொல்லிக் காலண்டர் குடுக்குறீங்க? என் கையால அடுக்கினது இது. எங்க போகணும்னு எனக்குத் தெரியும். டிக்கெட்டைப் போடுங்க.”

அவர் திரும்பி நிமிர்ந்து பார்த்தார். தன் காலண்டரில் ஆகஸ்டுக்கு என்ன படம் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார் போல. அப்புறம் பேனாவை எடுத்து ஊர்ப்பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த நாட்டில் இறங்கி, வாடகைக் காரில் பகல் முழுக்கக் குலுங்கிக் குலுங்கிப் போனார்கள். மருமகன் வழியெல்லாம் உம்மென்று வந்தான். ஊர் என்பது ஒரே ஒரு கடைத்தெரு. அதன் கோடியில் சத்திரம். கதவு நினைத்ததைவிடச் சின்னது. அதுவும் சாத்தியிருந்தது.

அக்கா கிட்டே போய்க் கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

“சரிம்மா, முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டுக் கெளம்பலாம்,” என்றாள் மகள்.

“இதைப் போட்டோல பாக்காதவளாடி நான்?” உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். டிரைவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவள் விடவில்லை. கடைசியில் உள்ளே வாளி இழுபடுகிற சத்தம் கேட்டது. கதவு நாலு விரல் திறந்தது. முதலில் துடைப்பக் கம்பு, அதற்குப் பின்னால் ஒரு முகம். அக்கா வயசுதான் இருக்கும், தலையில் துணி கட்டியிருந்தாள், கண்ணில் கோபம். தரை ஈரமாம், வரக்கூடாதாம். டிரைவர் இங்கிலீஷில் சொல்ல, மருமகன் தமிழில் சொன்னான்.

அக்கா ஆகஸ்டைப் பிரித்து, இடுக்கில் இருந்த குச்சியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு அந்தத் துடைப்பத்தைத் தொட்டாள். அந்தப் பெண் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு மளமளவென்று பேச ஆரம்பித்தாள்.

மருமகனின் உம்மென்ற முகம் மாறியது. “இவங்கதானாம், அத்தை. அப்ப இருந்தே இவங்கதான் இங்க பெருக்குறாங்களாம். படம் எடுக்க வந்த ஆளு, நீ இருந்தா படம் கெட்டுடும், கதவுக்குப் பின்னாடி போய் நில்லுன்னு வெரட்டினானாம்.” அவன் டிரைவரிடம் இன்னொருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டான். “துடைப்பத்தை மட்டும் வேணும்னே உள்ள இழுக்கலையாம்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஈரத் தரையில் கால்வைத்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள்.

“இப்ப எடுங்க மாப்பிள்ளை, போட்டோ. ரெண்டு பேரையும் எடுங்க. துடைப்பம் நல்லாத் தெரியணும், மேஸ்திரிக்கு அனுப்பணும்.”