சிட்டம்மாள் வாசல் பீப்பாய்

திருப்புலிவனத்தில் சிட்டம்மாள் வாழ்க்கைப்பட்டது வரதனுக்கு. மாரடித்துக்கொண்டிருப்பது ஒரு பீப்பாயோடு.

தெருக் கிணற்றோரம் பட்டுநூல் சாயக்கொட்டகை வந்த பிறகு, காஞ்சிபுரத்தில் எந்த நிறப் புடவைக்குக் கிராக்கி என்று தெருக்காரர்கள் குடத்தைப் பார்த்தே சொன்னார்கள். எழுபத்தொன்பதில் போர்வெல் கேட்டு மனுப் போட்டார்கள். முதல் கைநாட்டு சிட்டம்மாளுடையது.

மனு போய்ச் சேரும்வரை தாகம் காத்திருக்குமா? துருவேறிய பீப்பாயில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் வெளுத்திருந்ததை அவள் கவனித்தாள். உத்திரமேரூர் லேத்துப் பட்டறை முஸ்தபாவிடம் கடைசலில் விழும் இரும்புச் சுருள் வாங்கிவந்து, நனைத்து நனைத்துத் துருவேற்றி, பீப்பாய்க்குள் மணலோடு அடுக்கினாள். மேலே ஊற்றினால் கத்தரிப்பூ நிறம். கீழே ஒழுகினால் கண்ணாடி.

"சாயம் துரு மேல ஒட்டிக்குதும்மா, பஸ்ஸுல ஜனம் ஏறுற மாதிரி," என்றார் முஸ்தபா. "எடம் ரொம்பிட்டா ஏத்தாது. சுருளை மாத்தணும்."

"பஸ்ஸுல கூரை மேலகூட ஏத்திக்கினுதான பாய் போறாங்க?"

"துரு நேர்மையான கண்டக்டரும்மா."

சித்திரை வெயிலில், மனுவின் பேரில் தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வந்தார். வாசலுக்கு வந்தவருக்குச் சாயத் தண்ணீரா கொடுப்பது? சொம்பைத் துலக்கி, பீப்பாய்த் தண்ணீரை நீட்டினாள். குடித்து ஏப்பம் விட்டவர், மிச்சத்தைச் சாம்பிள் பாட்டிலில் ஊற்றி மூடினார்.

"ஐயோ சார், அது பீப்பாத் தண்ணி! கெணத்தாண்ட வந்து பாருங்க, கலரா கீது!"

"பீப்பாய்க்கு எங்கேர்ந்து வருது?"

"கெணத்துலேர்ந்துதான்."

"ஜனங்க என்ன குடிக்கிறாங்களோ, அதைத்தான் பிடிக்கணும். ரூல்."

குடிக்கத் தகுந்த நீர் என்று பதில் வந்தது. தெரு அவளைத் திட்டித் தீர்த்தது. தீர்த்த கையோடு குடத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் வரிசை கட்டியது.

"உன்னாலதான போர் போச்சு? நீயே ஊத்து," என்றாள் எதிர்வீட்டு முனியம்மாள்.

ஒரு பீப்பாய் மூன்றாயிற்று. இருபது நாளில் சுருள் நிரம்பி, கீழேயும் கத்தரிப்பூ எட்டிப்பார்க்கும்; மாற்ற அவள்தான் இருக்க வேண்டும். தென்னேரித் தங்கையின் வளைகாப்புக்குப் போக முடியவில்லை; அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது, அதற்கும் முடியவில்லை.

எண்பத்து நாலில் மறுபடி மனு, மறுபடி அதிகாரி. இம்முறை தெருவே கூடி அவளுக்குப் பாடம் சொல்லியிருந்தது: பீப்பாய்களை மூடு, கிணற்றுத் தண்ணியை நீட்டு. நிறம் தளும்பும் சொம்போடு நின்றாள். வந்தவர் வயதானவர். குடையை மடக்கி, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"நாக்கு ஒட்டிக்கிச்சும்மா. ஒரு வாய் தண்ணி."

சிட்டம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொம்பை முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு, பீப்பாய்ப் பக்கம் போனாள்.

அதிகாரி சாம்பிள் பாட்டிலைத் திறக்கும் வரைகூட முனியம்மாள் காத்திருக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போனவள், குடத்தோடு வந்து வரிசையில் முதல் இடம் பிடித்தாள்.