நீலக் கதவு

பாறசாலையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அங்கே நான் செய்த தவறு இது.

பொழியூரில் கடல் கரையை அரித்துக்கொண்டிருந்த நேரம். செலின் அக்கா தன் வீட்டையும் கடலையும் சேர்த்து ஒரே நீளப் படமாகக் கேட்டார். கேமராவை ஆட்டோ மோடிலேயே விட்டு ஏழு படங்கள் எடுத்தேன். அதனால் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஒவ்வொரு அளவு. ஏழையும் ஒன்றாக ஒட்டும்போது, எந்தப் படத்தின் வெளிச்சத்துக்கு மற்றவற்றைச் சமன்செய்வது என்று மென்பொருள் கேட்டது. யோசிக்காமல் கடல் படத்தைக் காட்டினேன். அலைகள் அற்புதமாக வந்தன.

பிரிண்டோடு போனபோது வீடு இல்லை. முந்தைய வாரமே கடல் கொண்டுபோய்விட்டது. நிவாரண முகாமில் இருந்த அக்கா படத்தை மடியில் வைத்து, வீட்டின் மேல் விரலை வைத்தார்.

"மக்கா, கதவு கறுப்பா இருக்கே. அது நீலமாக்கும். வள்ளத்துக்கு வாங்கின பெயின்ட்டுல மிச்சம். எங்க அவரு மரிக்கியதுக்கு முன்ன அடிச்சது."

மென்பொருள் என்னிடம் கேட்டதை நான் அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும்.

"சரியாக்கித் தாறேன் அக்கா. ஆனா கடலு வெளுத்துப் போவும்."

"வெளுக்கட்டும் மக்கா. கடல நான் தெனமும் பாக்கியேன்."

அன்றே வீட்டுப் படத்துக்கு மற்ற ஆறையும் சமன்செய்தேன். கடல் வெறும் வெள்ளைத் தாளானது. கதவில் பிரஷ் போன தடம்கூட நீலமாகத் தெரிந்தது.

அதன் பிரதி ஒன்று என் கடைச் சுவரில் இருக்கிறது. வெளிச்சம் கூடிப்போச்சே என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆமாம் என்பேன்.